சப்ளையர் ஒப்பந்தத்தில் தொழிலாளர் சட்டமும் துறை நெறிமுறையும்: ஷரத்து எழுத முழுமையான வழிகாட்டி

"பொருந்தக்கூடிய எல்லாச் சட்டங்களுக்கும் வாங்குபவரின் நடத்தை நெறிமுறைக்கும் சப்ளையர் இணங்கி நடப்பார்." ஏறக்குறைய எல்லா சப்ளையர் ஒப்பந்தத்திலும் இந்த ஒற்றை வரி இருக்கும். பிரச்சினை வராதவரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்தபிறகு எடுத்துப் பார்த்தால், எந்தச் சட்டம், யார் சரிபார்ப்பது, மீறினால் அடுத்து என்ன என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்காது.

அந்த வரியை ஒழுங்கான ஷரத்துகளாக மாற்ற வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்: கொள்முதல் பிரிவினர், சட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் சப்ளையர்கள். படிகளின் வரிசை முக்கியம். புதியவர்கள் பெரும்பாலும் நேராக ஐந்தாவது படியில், அதாவது வாக்கியம் எழுதுவதில், இறங்கிவிடுகிறார்கள், அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். எழுதி முடித்ததை, வேலை நடக்கும் நாட்டின் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த வேலையை இந்த வழிகாட்டி செய்துவிடாது.

1. எழுதும் முன் சேகரிக்க வேண்டியவை

முதலில் வேலை உண்மையில் எங்கே நடக்கிறது என்ற பட்டியல் வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் பதிவு அலுவலக முகவரி இதற்கு உதவாது. ஆலைகள், கிடங்குகள், வேலையை வெளியே கொடுக்கும் இடங்கள், வீட்டிலிருந்தே செய்து தருபவர்கள் என எல்லாம் வர வேண்டும். தொழிலாளர் சட்டம் வேலை நடக்கும் இடத்தைப் பின்தொடர்ந்து வரும் என்பதுதான் காரணம்.

இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. "இந்த ஒப்பந்தம் இன்ன நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும்" என்ற ஷரத்து, இரு நிறுவனங்களுக்கு இடையிலான தகராறை எந்தச் சட்டப்படி தீர்ப்பது என்று மட்டும் சொல்கிறது. ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியையோ வேலை நேரத்தையோ அது மாற்றாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, தவறான நாட்டின் சட்டப் பெயர்களை ஒப்பந்தத்தில் அடுக்கிவிடுபவர்கள் உண்டு.

இரண்டாவதாக, யார் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல். நிரந்தரத் தொழிலாளர், காண்ட்ராக்ட் தொழிலாளர், பீஸ் ரேட்டில் (செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு) செய்பவர், பயிற்சியாளர், வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ ஏஜென்ட் மூலம் வந்தவர் என ஒவ்வொரு வகைக்கும் ஆபத்து வேறு. "ஊழியர்கள்" என்று மட்டும் எழுதினால், "அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆட்கள்" என்று பதில் வரும்.

மூன்றாவது, பலர் கேட்கவே கேட்காதது: ஆர்டர் கொடுத்த நாளுக்கும் டெலிவரி நாளுக்கும் வழக்கமாக எத்தனை நாள் இடைவெளி, விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரம். ஒன்பதாவது படியில் இது தேவைப்படும்.

2. சட்டத்தையும் நெறிமுறையையும் தனித்தனியாக வையுங்கள்

சட்டம், ஒப்பந்தத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சப்ளையரைக் கட்டுப்படுத்தும். அதை ஒப்பந்தத்தில் சேர்ப்பது, மீறல் நடந்தால் வாங்குபவரும் நடவடிக்கை எடுக்க வழி வேண்டும் என்பதற்காக. துறை நெறிமுறை அப்படியில்லை. நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள் சேர்ந்த எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பின் அடிப்படை நெறிமுறை, பணியிட நிலைமைக்குச் சான்றிதழ் தரும் எஸ்ஏ 8000 என்ற தரம், மின்னணுத் துறையில் அதிகம் புழங்கும் ஆர்பிஏ (ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ்) நெறிமுறை போன்றவற்றுக்கு சப்ளையரைக் கட்டுப்படுத்தும் பலம் பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே, சட்டத்துக்கு ஒரு உட்பிரிவு, நெறிமுறைக்கு இன்னொரு உட்பிரிவு.

ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளை என்ன செய்வது? "சப்ளையர் ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகளுக்கு இணங்குவார்" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அந்த உடன்படிக்கைகள் நாடுகளை நோக்கிப் பேசுபவை. குறைந்தபட்ச வயது பற்றிய 138ஆம் உடன்படிக்கையின் முதல் பிரிவே, குழந்தைத் தொழிலை ஒழிக்கும் தேசியக் கொள்கையை உறுப்பு நாடு பின்பற்ற வேண்டும் என்கிறது. ஒரு ஆலை தேசியக் கொள்கையை எப்படிப் பின்பற்றும்?

அதனால் உடன்படிக்கையின் எண்ணை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை எடுத்து எழுதுங்கள்: "15 வயது, கட்டாயக் கல்வி முடியும் வயது, சட்டம் சொல்லும் வயது ஆகியவற்றில் எது கூடுதலோ அதற்குக் குறைந்தவர் யாரும் வேலையில் இருக்கக் கூடாது. அபாயகரமான வேலையில் 18 வயதுக்குக் குறைந்தவர் கூடாது." இப்படி எழுதினால் மேற்பார்வையாளருக்கும் புரியும், தகராறைத் தீர்க்கும் நடுவருக்கும் புரியும்.

எதையெல்லாம் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் ஐ.எல்.ஓ.வின் 1998ஆம் ஆண்டுப் பிரகடனத்தைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். சங்கம் சேரும் உரிமையும் கூட்டுப் பேரமும், கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழில் ஒழிப்பு, பாகுபாடு ஒழிப்பு என அதில் நான்கு தலைப்புகள் இருந்தன. 2022இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. பழைய டெம்ப்ளேட்டை நகல் எடுப்பவர்கள் இந்த ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள்.

3. இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்

சட்டம் ஒன்று சொல்லும், நெறிமுறை வேறொன்று சொல்லும். இதற்குப் புதியவர்கள் எழுதும் விடை: "இரண்டில் எது அதிகமோ அது." கூலிக்கு இது சரி. வேலை நேரத்துக்கு? சட்டம் வாரம் 45 மணி என்கிறது, நெறிமுறை 48 என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதிகமானது" என்று எழுதிய கை, தொழிலாளிக்கு மூன்று மணி நேரம் கூட்டிக் கொடுத்துவிட்டது. "தொழிலாளருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருவது எதுவோ அது" என்பதே சரியான சொல்லாட்சி.

ஒப்பீட்டை ஒவ்வொரு அம்சத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதையும் எழுத்தில் போடுங்கள். எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவின் நெறிமுறை ஓவர்டைமுக்கு வழக்கமான கூலியில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் தரப் பரிந்துரைக்கிறது. உள்ளூர்ச் சட்டம் இரட்டிப்புக் கூலி கேட்டால், நேர வரம்பை ஒன்றிலிருந்தும் கூலியை மற்றொன்றிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். "மொத்தத்தில் எங்கள் நெறிமுறைதான் மேல்" என்ற வாதத்துக்கு அப்போது இடமிருக்காது.

இன்னொரு சூழலும் உண்டு: நெறிமுறை கேட்பதைச் சட்டமே தடுப்பது. சங்கம் சேரும் உரிமையில் இது அடிக்கடி வரும். சட்டத்தை மீறச் சொல்லும் ஷரத்து எங்கும் நிற்காது. சட்டம் கட்டுப்படுத்தும் இடத்தில், தொழிலாளர்கள் தங்களுக்குள் சுதந்திரமாகக் கூடிப் பேசும் மாற்று வழிகளுக்கு முதலாளி உதவ வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது என்கிறது எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவின் நெறிமுறை. அந்த அணுகுமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

4. எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்

வெறும் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கம் மாறும், ஆவணம் நகரும். கையெழுத்தான நாளில் என்ன இருந்தது என்று இரண்டு வருடம் கழித்து யாராலும் நிரூபிக்க முடியாது. நெறிமுறையை முழுதாக, பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, பின்னிணைப்பாக வையுங்கள்.

சட்டம் திருத்தப்பட்டால் அது தானாகப் பொருந்தும். நெறிமுறை திருத்தப்பட்டால், எழுத்து மூலம் அறிவித்து, இத்தனை நாள் அவகாசத்துக்குப் பின் பொருந்தும் என்று போடலாம். வாங்குபவர் தன் விருப்பப்படி மாற்றும் ஆவணத்துக்கு முன்கூட்டியே தலையாட்டச் சொன்னால், அது செல்லுமா என்ற கேள்வியே சில நாடுகளில் எழும். ஆலையில் பேசும் மொழியில் ஒரு பிரதியும், எந்த மொழிப் பிரதி இறுதியானது என்ற வரியும் சேர்த்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

5. கடமை வாக்கியங்கள்

இப்போதுதான் எழுத உட்கார வேண்டும். முதல் முடிவு: சப்ளையரிடம் உறுதிமொழி கேட்பதா, செயல்முறை கேட்பதா?

பழைய வழக்கம் உறுதிமொழி. "எங்கள் ஆலையில் எந்த மீறலும் இல்லை, இருக்காது" என்று எழுதி வாங்குவார்கள். பெரிய ஆலை எதிலும் ஓவர்டைம் பதிவில் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். அப்படியிருக்க, கையெழுத்துப் போட்ட அன்றே சப்ளையர் ஒப்பந்தத்தை மீறியவராகிவிடுகிறார். அப்புறம் அவர் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் தானே மாட்டிக்கொள்வார். ஷரத்தே மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஒன்று 2021இல் வெளியிட்ட மாதிரி ஷரத்துகளின் இரண்டாம் பதிப்பு, இந்த வழியை விட்டு, ஆபத்தைத் தேடி, தடுத்து, சரிசெய்யும் பொறுப்பை இரு தரப்புக்கும் வைத்தது. என் கருத்தில் அதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

ஆனால் எல்லாவற்றையும் செயல்முறையாக்கிவிடக் கூடாது. இரண்டு அடுக்காகப் பிரிப்பது நல்லது.

முதல் அடுக்கு, நிபந்தனையற்ற தடைகள்: குழந்தைத் தொழில், கட்டாய உழைப்பு, பாஸ்போர்ட்டையோ அடையாள ஆவணத்தையோ பிடித்து வைத்தல், வேலை நேரத்தில் வெளியேறும் கதவுகளைப் பூட்டுதல், உடல் ரீதியான தண்டனை. இங்கே "முயற்சி", "இயன்றவரை" போன்ற சொற்கள் வரவே கூடாது.

இரண்டாம் அடுக்கு, தொடர்ந்து மேம்படுத்த வேண்டியவை: ஓவர்டைம், விடுப்புப் பதிவு, காற்றோட்டம் போன்றவை. இவற்றுக்கு இப்படி எழுதலாம்: "சப்ளையர் பின்னிணைப்பு 2இல் உள்ள தரங்களைப் பின்பற்றுவார், அவற்றிலிருந்து விலகல் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே ஆராய்வார், விலகல் தெரிந்த 10 நாட்களுக்குள் வாங்குபவருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார், தேதியிட்ட திருத்தத் திட்டத்தோடு அதைச் சரிசெய்வார். தானாக முன்வந்து தெரிவித்த விலகலை மட்டும் காரணமாகக் காட்டி வாங்குபவர் ஒப்பந்தத்தை முறிக்கமாட்டார்." கடைசி வாக்கியத்தை அழிக்கச் சொல்லி உங்கள் பக்கத்து மேலாளரே கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள், அது போனால் யாரும் எதையும் தெரிவிக்கமாட்டார்கள்.

எண்ணாகச் சொல்ல முடிந்ததை எண்ணாகச் சொல்லுங்கள். "நியாயமான வேலை நேரம்" என்பதைவிட "வழக்கமான நேரம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் இல்லை, ஓவர்டைம் சேர்த்து 60 மணிக்கு மேல் இல்லை, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு" என்பது சரிபார்க்கக் கூடியது.

6. வேலை கைமாறும்போது

பெரிய மீறல்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத இடத்தில் நடக்கின்றன. ஆர்டர் குவிந்தால் வேலை வெளியே போகும். அதனால், எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் பட்டியலில் இல்லாத இடத்துக்கு வேலை போகக் கூடாது. அனுமதி பெற்றுப் போனாலும் இதே கடமைகள் அங்கேயும் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே நடப்பதற்கு சப்ளையரே பொறுப்பு என மூன்றையும் எழுதுங்கள்.

ஆள் எடுத்துத் தரும் ஏஜென்டுகளுக்குத் தனி வரி வேண்டும். வேலை கிடைக்கத் தொழிலாளியே பணம் கொடுத்திருந்தால், கடன் தீரும்வரை அவரால் வேலையை விட முடியாது. கட்டாய உழைப்புக்கு அதுவே வாசல். "ஆள் சேர்ப்புச் செலவு முழுவதையும் சப்ளையர் ஏற்பார், தொழிலாளி ஏற்கெனவே செலுத்தியிருந்தால் திருப்பித் தருவார்" என்று எழுதலாம்.

எதிர்த்திசையில் போகும் தவறும் உண்டு. "தன் சப்ளை சங்கிலியில் உள்ள அனைவரும் இணங்குவதை சப்ளையர் உறுதிசெய்வார்" என்று மூலப்பொருள்வரை இழுத்துவிடுவார்கள். செய்ய முடியாத கடமை படிக்கப்படாத கடமையாகிவிடும். வாங்குபவரின் பொருளில் கை வைக்கும் இடங்களுக்குக் கறாராகவும், அதற்கு அப்பால் நியாயமான விசாரிப்பு என்ற அளவிலும் நிறுத்துங்கள்.

7. சரிபார்க்கும் வழி

ஆடிட் ஷரத்தில் ஒரே ஒரு வினைச்சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு வால்மார்ட் வழக்கு நல்ல உதாரணம். பல நாடுகளில் இருந்த சப்ளையர் ஆலைத் தொழிலாளர்கள், தங்களைப் பாதுகாக்க வேண்டிய நடத்தை நெறிமுறையை வால்மார்ட் கண்காணிக்கத் தவறியது என்று அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் ஆய்வு செய்யும் உரிமையை வால்மார்ட் தனக்கென வைத்துக்கொண்டதே தவிர, ஆய்வு செய்வதாக வாக்குறுதி தரவில்லை என்றது நீதிமன்றம். "ஆய்வு செய்யலாம்" என்று எழுதுகிறீர்களா, "ஆய்வு செய்வார்" என்று எழுதுகிறீர்களா என்பதைத் தெரிந்தே முடிவு செய்யுங்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் "லாம்" பக்கம் நிற்பார். தொழிலாளர் தரப்பு "வார்" கேட்கும். குறைந்தபட்சம், முதல் ஆர்டருக்கு முன் ஒரு ஆய்வையாவது கட்டாயமாக்குவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஷரத்தில் வர வேண்டியவை: முன்னறிவிப்போடு வரும் ஆய்வு, அறிவிக்காமல் வரும் ஆய்வு இரண்டுக்கும் அனுமதி, சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, வயதுச் சான்று ஆகியவற்றை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், மேலாளர் பக்கத்தில் இல்லாமல் தொழிலாளரிடம் பேசும் உரிமை, பேசியவரையும் புகார் கொடுத்தவரையும் பழிவாங்கத் தடை, செலவு யாருடையது.

பதிவேடு என்று எழுதும்போது உற்பத்திப் பதிவையும் கேட் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். ஆடிட்டுக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று என இரண்டு வருகைப் பதிவேடு வைக்கும் இடங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆளே வரவில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லும், அன்றைய உற்பத்திப் பதிவோ முழு ஷிஃப்ட் ஓடியதாகக் காட்டும்.

"சான்றிதழ் இருந்தால் இணங்கியதாகக் கருதப்படும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. சான்றிதழை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். கடமையிலிருந்து விடுவிக்கும் சீட்டாக அது ஆகக் கூடாது.

8. மீறினால் என்ன

"மீறினால் ஒப்பந்தம் உடனே முறியும்." பார்க்கக் கறாராக இருக்கும், நடைமுறையில் யாரும் தொடமாட்டார்கள். சீசன் நடுவே சப்ளையரைக் கைவிட வாங்குபவரால் முடியாது. அது சப்ளையருக்கும் தெரியும். எனவே படிப்படியாக எழுதுங்கள்: எழுத்து மூல நோட்டீஸ், தேதியிட்ட திருத்தத் திட்டம், மறு ஆய்வு, புதிய ஆர்டர் நிறுத்தம், கடைசியாக முறிவு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பதும் வேண்டும்.

பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கூலி குறைத்துக் கொடுத்ததற்கு சப்ளையர் வாங்குபவருக்கு அபராதம் கட்டினால், தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? "நிலுவையைத் தொழிலாளருக்கே முழுதாகக் கொடுத்து, கொடுத்த ஆதாரத்தைக் காட்ட வேண்டும்" என்பதை முதல் பரிகாரமாக வையுங்கள்.

முதல் அடுக்குத் தடைகளிலும் அவசரம் வேண்டாம். ஆலையில் ஒரு சிறுவன் கண்டுபிடிக்கப்பட்டால், அவனை அன்றே துரத்திவிட்டு "சரிசெய்தாகிவிட்டது" என்று எழுதிக்கொடுப்பார்கள். அவன் இதைவிட மோசமான வேலைக்குப் போவான். அவனுடைய பள்ளிச் செலவும் படிக்கும் காலத்துக் குடும்ப வருமான இழப்பும் சப்ளையர் பொறுப்பு என்று ஷரத்தில் இருந்தால்தான் அது பரிகாரம்.

9. வாங்குபவர் பக்கத்துக் கடமைகள்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தப் பகுதியே இருக்காது. டெலிவரிக்கு நான்கு நாள் இருக்கும்போது வடிவமைப்பை மாற்றிவிட்டு, தேதியை மாற்ற மறுத்தால், 60 மணி நேர வரம்பை உடைத்தது யார்? முதல் படியில் கேட்ட கால இடைவெளி விவரம் இங்கேதான் உதவும். ஆலையின் திறனையும் அந்த இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டாலே, ஓவர்டைம் மீறாமல் இந்த ஆர்டர் முடியுமா என்று தெரிந்துவிடும்.

எழுத வேண்டியவை: இத்தனை நாளுக்குள் வரும் மாற்றத்துக்குத் தேதியும் தள்ளிப்போகும், விலை பேசும்போது சட்டப்படியான கூலிச் செலவு தனி வரியாகக் காட்டப்படும், கூலி உயர்த்தும் சட்டம் வந்தால் விலை மறுபேச்சுக்கு வரும், பில் தொகை குறித்த நாளில் செலுத்தப்படும். இவற்றோடு ஒரு பாதுகாப்பு வரியும் வேண்டும்: "தரங்களை மீறாமல் நிறைவேற்ற முடியாத ஆர்டரை அல்லது மாற்றத்தை, காரணத்தோடு எழுத்து மூலம் மறுக்கும் சப்ளையர் மீது தாமத அபராதம் விதிக்கப்படாது."

வாங்குபவர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வாரா என்று கேட்பார்கள். 2013 ஏப்ரலில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின், வங்கதேசத்தில் ஆடை வாங்கும் பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைகளைச் சரிசெய்யப் பணம் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அதில் பிராண்டுகள் ஏற்றன. தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகவும் ஒப்புக்கொண்டன.

சப்ளையர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மற்றப் படிகளில் பேரம் பேசிக் களைத்துப்போய் இதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இந்தப் பக்கம்தான்.

10. மற்ற ஷரத்துகளோடு மோதுகிறதா என்று பாருங்கள்

ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்ட பொது நிபந்தனைகள், இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்துவிடக் கூடும். எந்த ஆவணம் மேலே என்ற வரிசையில் நெறிமுறைப் பின்னிணைப்பும் இருக்க வேண்டும். ரகசியக் காப்பு ஷரத்து, மீறலை அரசு ஆய்வாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ சொல்வதைத் தடுக்காதபடி விலக்கு சேருங்கள். தாமத அபராத ஷரத்தையும் ஒன்பதாம் படியோடு ஒத்துப் பாருங்கள்.

தொழிலாளர்கள் இந்த ஷரத்துகளைத் தாங்களே அமல்படுத்தக் கேட்கலாமா என்பதையும் வெளிப்படையாக முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மூன்றாம் தரப்பினரின் உரிமை பற்றி 1999ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "மூன்றாம் தரப்புக்கு உரிமை இல்லை" என்ற வழக்கமான வரியை டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்டினால், யோசிக்காமலே அந்த வாசலை மூடிவிடுகிறீர்கள்.

எல்லாம் முடிந்ததும், கற்பனையாக ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் இல்லாத ஒரு பட்டறையில், ஏஜென்ட் கூட்டிவந்த 20 பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாருக்கு எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும், பாக்கியை யார் தர வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர் என்ன ஆகும் என்று விரலை வைத்துத் தேடுங்கள். விரல் நிற்க இடமில்லாத கேள்விக்கு உரிய படிக்குத் திரும்பிப் போய் எழுதுங்கள். இந்தச் சோதனையை ஆலையின் உற்பத்தி மேலாளரையும் உட்காரவைத்துச் செய்தால் இன்னும் நல்லது. சட்டப் பிரிவு கவனிக்காத ஓட்டைகள் அவர் கண்ணில் படும்.